முதல் டம்ளர்

காலையில் முதலில் எழுவது என் மனைவி சாமுண்டீஸ்வரி. ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிப்பாள். அந்தச் சத்தத்தில் நான் எழுவேன். பால் வாங்கி வருவது என் வேலை. அவள் உப்புமா கிளறுவாள், மாவு இருந்தால் தோசை. டிபன் பாக்ஸ் இரண்டு, பெரியது எனக்கு. குளித்துவிட்டு வேலைப் புடவையைக் கட்டிக்கொண்டு ஆணியில் தொங்கும் பையை எடுப்பாள். பைக்குள் ஒரு சின்ன மரப்பெட்டி. திறந்து பார்ப்பாள். கண்ணாடிக் குழாய்கள், மருந்து பாட்டில், எல்லாம் இருக்கும். மூடுவாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "வரேங்க" என்பாள். அவள் ஏரிப் பக்கம் திரும்புவாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு பெருங்களத்தூர் மெயின் ரோட்டுக்கு நடந்து கம்பெனி பஸ் பிடிப்பேன்.

அவள் கிராம சுகாதார நர்ஸ். எனக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தர ஆய்வு. பி.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சேர்ந்த வேலை. துளையில் கேஜ் என்கிற அளவுக் கம்பியை நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழைந்தால் பாகம் நல்லது. நுழையாவிட்டால் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான்.

அவள் பார்த்துக்கொண்ட இடங்களில் ஒன்று கங்கையம்மன் நகர். ஏரிக்கரைக்குக் கீழே, மழைக்காலத்தில் பாதி ஏரியாகவே இருக்கும் இடம். கல்குவாரிக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், நிலத்தை மனை போட விற்றுவிட்டு அங்கேயே ஓரமாகத் தங்கிவிட்ட சில பழைய குடும்பங்கள். அங்காளம்மாள் அப்படித் தங்கிவிட்ட குடும்பம். எருமை வைத்திருந்தாள். குழாயடியில் அவள் வைத்ததுதான் சட்டம்.

அங்கே மேல்நிலைத் தொட்டி கட்டிக் குழாய் போட்டபோது யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தைத்தான் தண்ணீரில் கலக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எல்லாரும் பழையபடி ஏரிக்குப் போனார்கள். சாமு வீடு வீடாகப் போய்ப் பேசினாள். ஒரு நாள் காலையில் அங்காளம்மாள் குழாயடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அவ்ளோ நல்ல தண்ணின்னா மொதல்ல நீ குடி நர்ஸம்மா. அப்பால நாங்க குடிக்கிறோம்."

சாமு குடித்தாள். அடுத்த நாளும் கேட்டார்கள். அடுத்த நாளும் குடித்தாள். அது வழக்கமாகிவிட்டது. காலையில் அவள் குழாயடிக்கு வந்து பெட்டியைத் திறப்பாள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து விட்டு, குலுக்கி, மேலே தூக்கிக் காட்டுவாள். மஞ்சள் வரும். மஞ்சள் வந்தால் தண்ணீரில் மருந்து இருக்கிறது, பூச்சி செத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். குடித்துவிட்டுத் தொண்டையை லேசாகச் செருமுவாள். அந்தச் செருமலுக்குப் பிறகுதான் முதல் குடம் குழாய்க்கு அடியில் போகும். ஞாயிற்றுக்கிழமையும் போவாள். போகாவிட்டால் குடங்கள் காத்திருக்கும் என்பாள். அவளுக்கென்று அங்காளம்மாள் ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வந்து வைத்தாள். அவள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. அங்காளம்மாள் பேரும் அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி பேரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். குழாய் மேடையில் கவிழ்த்தே இருக்கும். வேறு யாரும் தொடமாட்டார்கள்.

தொண்ணூற்றிரண்டில் புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. கங்கையம்மன் நகரில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. முதலில் குவாரி ஆள் ஒருவர். பிறகு தட்சிணாமூர்த்தி. சாமு அவர் பக்கத்தில் உட்கார்ந்து உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். கக்கினால் மறுபடி ஊற்றினாள். பகல் பூராவும் ஊற்றினாள். அவர் பிழைத்துக்கொண்டார். அங்காளம்மாள் வீட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு காலிச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைச் செருகி வைத்திருக்கிறாள் என்று சாமு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சில நாள் கழித்து அவள் சாயங்காலம் சீக்கிரம் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. சோதனைக்கு அனுப்பினதற்கு ரிப்போர்ட் வந்துவிட்டதாம். காலரா இல்லையாம்.

"அப்ப என்னவாம்?" என்றேன்.

"வயிற்றுப்போக்குன்னு எழுதச் சொல்லியிருக்காங்க."

"நீ பார்த்தது?"

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பார்த்தது வேறு மாதிரி என்றாள். அரிசி கழுவின தண்ணீர் போலப் போகிறது. படிக்கிறபோது காலராவுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படியே. காலையில் வேலைக்குக் கிளம்பின ஆளுக்குச் சாயங்காலம் கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் துணி துவைத்தவள் கை மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. குரல் அவர் குரலாக இல்லை. இன்னொன்றும் சொன்னாள். வழக்கமாகக் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும். இது குழந்தைகளைத் தாண்டிப் பெரியவர்களைத் தேடிப் போகிறது.

"உங்க கேஜ் பழசா இருந்தா?" என்றேன்.

"என்ன கேஜ்?"

"எங்க கம்பெனியில டிராயிங் மாத்துவாங்க. புது பார்ட் வரும். அதுல பழைய கேஜைப் போட்டா நுழையாது. நுழையலைன்னா கையில இருக்கறது பார்ட்டே இல்லைன்னு ஆயிடுமா?"

அவள் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க கேஜை சந்தேகப்பட்டா ஒரு நாள் வேலை நிக்கும். நான் சந்தேகப்பட்டா என்ன நிக்கும் தெரியுமாங்க? அந்த ஜனங்க முதல்ல என்னை வாசல்லயே நிக்க விடல. இப்ப சொட்டு மருந்துக்குக் குழந்தையைத் தூக்கிட்டு அவங்களே வராங்க. தண்ணிக்கு ஒரு நம்பிக்கை, சொட்டு மருந்துக்கு ஒரு நம்பிக்கைன்னு தனித்தனியா கிடையாது. எல்லாம் ஒரே துணி. ஒரு ஓரத்துல கிழிச்சா மொத்தமும் போயிடும். மேல இருக்கறவங்க நாலும் பார்த்துதான் சொல்வாங்க."

சுகாதார நிலையத்தில் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். காலரா என்ற வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், அதை மட்டும் குடியுங்கள் என்று சொல்ல வேண்டும். காய்ச்சச் சொல்ல வேண்டாம். காய்ச்சச் சொன்னால் குழாய் மேல் சந்தேகம் வரும், மண்ணெண்ணெய்க்குத் திண்டாடுகிற ஜனங்கள் மறுபடி ஏரிக்குப் போய்விடுவார்கள். அவர் சொன்னது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை. ஏரியை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் அன்று நான் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். சாமு வந்து அணைத்தாள்.

"நம்ம வீட்டுக்குள்ளதானே. யாருக்குத் தெரியப்போகுது?"

"என் மூஞ்சியில தெரியும்" என்றாள். "அங்காளம்மா என் மூஞ்சியைப் பார்த்துதான் குடத்தை வைக்கறா."

பிறகு மழை வலுத்தது. ஏரி தளும்பியது. தெருக் கோடியில் இருக்கிற குழாயில் மஞ்சள் வரவில்லை என்று சாமு சொன்னாள். அடுத்த நாள் நடுக் குழாயிலும் வரவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொள்கிற சுப்பராயலுவைக் கேட்டிருக்கிறாள். அவர் குடி கிடையாது, வெற்றிலை மட்டும். பவுடர் கொட்டுவதில் தான் கருமி இல்லை என்றும், தன் சட்டையை முகர்ந்து பார்த்தால் தெரியும் என்றும், அந்த வாடைக்குப் பெண்சாதியே பக்கத்தில் வருவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். தொட்டியில் மஞ்சள் வந்தது, உண்மை. கீழே வால்வு இருக்கிற குழி முழுக்கச் சாக்கடைத் தண்ணீரில் மூழ்கியிருந்தது. அதுவும் உண்மை.

அவள் டாக்டரிடம் போனாள். தொட்டியில் அளவு சரியாக இருக்கிறதே என்றார். மேலே சொல்கிறேன், வால்வை மூட உத்தரவு வரும்வரை இப்படியே போகட்டும், நீங்கள் நிறுத்தினால் பயந்துவிடுவார்கள் என்றார். அவள் நிறுத்தவில்லை. முதல் குழாயில் மெலிசாக மஞ்சள் இருந்த நாளிலும் குடித்தாள். மெலிசாகக்கூட இல்லாத நாளிலும் குடித்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் எனக்கு லீவு. காலையில் பம்ப் அடித்தாள், உப்புமா கிளறினாள், பெட்டியைப் பார்த்தாள், "வரேங்க" என்றாள். வெயில் ஏறுமுன் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். கரைசலைத் தானே கலக்கினாள். உள்ளே எதுவும் நிற்கவில்லை. ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனேன். டாக்டரே ஊசி குத்தி டிரிப் ஏற்றினார். பாட்டில் தீர்ந்தது, இன்னொன்று ஏற்றினார், அதற்கு மேல் அங்கே பாட்டில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒரு வேன் பிடித்துக் கொடுத்தார்.

பெருங்களத்தூர் சந்திப்பில் வேன் நின்றது. ஊருக்குப் போகிற சனம் ரோட்டில் நின்றது. தெற்கே போகிற பஸ்கள் எதிர் வரிசையிலும் ஏறி வந்துவிட்டன. கூரை மேல் மூட்டைகள், ஜன்னலில் குழந்தைகள், எங்கோ வெடிச் சத்தம். டிரைவர் இறங்கிப் போய்க் கத்திப் பார்த்தார். வேன் நகரவில்லை. சாமுவின் உயிர் அங்கேதான் போனது. போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை.

அவளிடமிருந்து எடுத்த சோதனையின் முடிவும் பிறகு வந்தது. காலரா இல்லை.

காரியத்துக்குக் கங்கையம்மன் நகரே வந்தது. தீபாவளிப் புடவையை உடுத்தாமல் பழைய புடவையில் வந்தார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று. நான் இல்லை என்றேன். எனக்குப் பேச வரவில்லை. நான் ஒன்றும் சொல்லாததால் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அன்று காலையில்கூட, குழாத் தண்ணியை விட்டுடாதீங்க என்று தன்னிடம் சொன்னதாக அங்காளம்மாள் சொன்னாள். இன்னொருத்தி தன்னிடமும் அதையேதான் சொன்னதாகச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அது எல்லாரிடமும் சொன்னதாக ஆகிவிட்டது.

நான் வேலைக்குத் திரும்பினேன். காலையில் ஸ்டவ்வுக்கு நான் பம்ப் அடித்தேன். உப்புமா வரவில்லை, பிரெட் வாங்கினேன். அவள் பை ஆணியிலேயே இருந்தது. அவள் செருப்பு வாசலில் இருந்தது. எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் பால் வாங்கிவிட்டு வரும்போது பார்த்தேன். செருப்பு ஈரமாக இருந்தது. குதிகால் பக்கம் ஏரிக்கரைச் செம்மண். மழை என்று நினைத்தேன். என் செருப்பு பக்கத்திலேயே இருந்தது. அது காய்ந்திருந்தது.

அடுத்த நாளும் ஈரம். அதற்கடுத்த நாளும். நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் குனிந்து தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிப்பேன். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடுவேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரும், சாமுவின் இடத்துக்கு வந்த புது நர்ஸ் செல்வமேரியும் வீட்டுக்கு வந்தார்கள். செல்வமேரிக்குச் சின்ன வயசு. படிப்பு முடித்ததும் இந்த வேலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டாக்டர் இளைத்திருந்தார். கொஞ்ச நேரம் சாமுவின் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது வகையாம் சம்பத்" என்றார். "காலராதான், ஆனா வேற வகை. நம்ம டெஸ்ட் பழைய வகையை மட்டும்தான் பிடிக்கும். அதனாலதான் இல்லை இல்லைன்னு வந்திருக்கு. உலகம் பூரா ஒரு சுத்து வரலாம்னு பேசிக்கறாங்க."

டாக்டர் மறுபடி அந்தப் பையைப் பார்த்தார்.

"சிஸ்டர் என்கிட்ட வந்து கேட்டாங்க. மேல சொல்றதை நம்பறதா, கண்ணை நம்பறதான்னு. மேல சொல்றதையே நம்பும்மான்னேன். எனக்கு நாற்பது கிராமம். ஒவ்வொண்ணுலயும் என் கண்ணை நம்பி நான் ஒண்ணு சொன்னா, பக்கத்து டாக்டர் அவர் கண்ணை நம்பி ஒண்ணு சொன்னா, ஜனங்க யாரைக் கேப்பாங்க? நம்பாம இந்த வேலையைப் பண்ண முடியாது. இப்பவும் அதைத்தான் சொல்வேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வந்த விஷயத்தைச் செல்வமேரிதான் சொன்னாள். இப்போது உத்தரவு மாறிவிட்டது. கட்டாயம் காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வால்வுக் குழியைச் சரிசெய்ய ஆள் வரும்வரை குழாய்த் தண்ணீரை அப்படியே தொடக்கூடாது. மற்ற இடங்களில் கேட்டுக்கொண்டார்கள். கங்கையம்மன் நகரில் கேட்கவில்லை. தினம் புதிதாக ஒரு வீட்டில் படுக்கிறார்கள்.

"நான் போறப்பவே எல்லாரும் குடத்தை ரொப்பி முடிச்சிடறாங்க சார். நான் கேட்டா, நர்ஸம்மா வந்து குடிச்சிட்டுப் போயாச்சு, நீ ஏன் லேட்டுன்றாங்க."

"எந்த நர்ஸம்மா?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன்.

அவள் டாக்டரைப் பார்த்தாள். பிறகு வாசலில் இருந்த செருப்பைப் பார்த்தாள்.

"முந்தாநாள் நான் விடிஞ்சதும் போய் நின்னேன் சார். குடமெல்லாம் வரிசையா இருக்கு. யாரும் பேசல. அந்த டம்ளர்ல தண்ணி வச்சிட்டு எல்லாரும் ஏரிப் பக்கம் திரும்பிக்கறாங்க. நானும் திரும்பிக்கிட்டேன். யாரோ தொண்டையைச் செருமினாங்க. திரும்பிப் பார்த்தா டம்ளர் காலி."

அங்காளம்மாள் மகள் கிளியம்மாள் கைக்குழந்தைக்காரி, அவளுக்கு முந்தின நாள் ஆரம்பித்துவிட்டது என்றாள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார்கள். நர்ஸம்மா காட்டிக்கொடுத்தபடி வீட்டிலேயே கரைசல் கொடுக்கிறார்கள். அதைக் கலக்குவது அந்தக் குழாய்த் தண்ணீரில். காய்ச்சாத தண்ணீரில்.

"அக்கா சொன்னா மட்டும்தான் கேப்பாங்க" என்றாள் செல்வமேரி. "அவங்க கடைசியா என்ன சொன்னாங்கன்னு நீங்க வந்து சொன்னா கேப்பாங்க. எதாவது சொன்னாங்களா சார்?"

டாக்டர் குறுக்கிட்டார். "யோசிச்சு சொல்லுங்க சம்பத். அந்த ஜனங்ககிட்ட அவங்க பேர்தான் மிச்சம் இருக்கு. அது போச்சுன்னா இந்தப் பொண்ணு நாளைக்கு அங்க எதையும் சொல்ல முடியாது." பிறகு, "ஆனா கிளியம்மாளுக்கு நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கான்னு எனக்குத் தெரியல" என்றார்.

போகும்போது செல்வமேரி வாசலில் நின்றாள். மெதுவாகக் கேட்டாள். "இன்னைக்கு காய்ச்சுன்னு சொல்றேன். நாளைக்கு இதையும் மாத்தினா, நான் எதை நம்பி சார் சொல்றது?" அவள் காலைப் பார்த்துப் பார்த்து, சாமுவின் செருப்பை மிதிக்காமல் படியிறங்கினாள்.

மறுநாள் காலையில் செருப்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சாமு இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். பையை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பினேன்.

மழை இல்லை. ஏரியிலிருந்து பனி இறங்கித் தெருவை மூடியிருந்தது. குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. குழாயடியில் பெண்கள் பேசாமல் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் தோளில் அந்தப் பையைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

"வா சார்" என்றாள் அங்காளம்மாள். ராத்திரி பூரா தூங்காத முகம். "நல்லா கீறியா? இன்னா இப்டி எளச்சிட்ட? நர்ஸம்மா உன்னாண்ட வர்றதில்லியா?"

கிளியம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"கண்ணு உள்ள பூட்ச்சி. ஊத்திகினே கீறோம். நர்ஸம்மா எங்க வூட்டுக்காரருக்கு ஊத்துனாப்ல. பொயச்சிக்குவா."

காய்ச்சின தண்ணீரில் கலக்கச் சொன்னேன். அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அந்தப் புதுப் பொண்ணு சொல்லிச்சா? அதுக்கு இன்னா தெரியும். நர்ஸம்மா நேத்து காலீல கூட நிண்ணு சொன்னாங்க. காய்ச்ச வோணாம், இதுவே போதும்னு. நாங்க அத்தினி பேரும் கேட்டோம்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

சுப்பராயலு தொட்டியடியில் வால்வைத் திறந்தார். குழாய் காற்றாகச் சீறி, பிறகு தண்ணீர் விழுந்தது. அங்காளம்மாள் அந்த டம்ளரை நிமிர்த்தி, நிறையப் பிடித்து, மேடையில் வைத்தாள். எல்லாரும் ஏரிப் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. பெட்டியைத் திறந்தேன். அவள் செய்வதை வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டாக விட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வெறும் தண்ணீர். ஒரு நிறமும் இல்லை.

"மஞ்சா வந்துட்ச்சி" என்றாள் ஒருத்தி. அவர்கள் திரும்பியிருந்தார்கள். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

"எங்க வந்திருக்கு?" என்றேன்.

"இன்னா சார், கண்ணு தெரீலயா? மஞ்சக் கெயங்காட்டம் கீது."

மறுபடி பார்த்தேன். வெறும் தண்ணீர்தான். அதன் வழியாக அங்காளம்மாள் முகம் தெரிந்தது.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ லேசாகத் தொண்டையைச் செருமினார்கள்.

எனக்குப் பின்னால் மேடைதான் இருந்தது. நான் உடனே திரும்பவில்லை. திரும்பினபோது டம்ளர் காலியாக இருந்தது. விளிம்பில் மட்டும் ஈரம். மேடையில் சிந்தின தடம் இல்லை.

"குடிச்சாச்சி" என்றாள் அங்காளம்மாள். முதல் குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள். அது அவள் குடம். கிளியம்மாளுக்குப் போகிற தண்ணீர்.

நான் குழாயை மூடினேன்.

சாமு கடைசியாக ஒன்று சொன்னாள் என்றேன். அன்று அவர்கள் எல்லாரும் கேட்டபோது இல்லை என்று சொன்னேன், ஆனால் சொன்னாள். பஸ்கள் நின்றதை, வேன் நின்றதை எல்லாம் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவள் சொன்ன வார்த்தையையும் சொன்னேன்.

"சத்தியமா?" என்றாள் அங்காளம்மாள்.

"சத்தியமா."

"அப்டீன்னா எங்களாண்ட ஒண்ணு, உன்னாண்ட ஒண்ணா? எங்கள இதக் குடிக்கச் சொல்லிட்டு?"

"எங்கிட்டயும் கடைசியிலதான் சொன்னா" என்றேன்.

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. மேடையிலிருந்த டம்ளரை எடுத்து, தன் பேரை விரலால் ஒரு தடவை தடவி, இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரிடமும் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கிளியம்மாளை ஒரு போர்வையில் வைத்து நானும் தட்சிணாமூர்த்தியும் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினோம். மெயின் ரோடு காலியாக இருந்தது. வண்டி எங்கேயும் நிற்கவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் கங்கையம்மன் நகரில் எல்லா வீட்டிலும் புகை எழுந்ததாகச் செல்வமேரி சொன்னாள். மண்ணெண்ணெய் இல்லாதவர்கள் சுள்ளியும் தென்னை மட்டையும் வைத்துக் காய்ச்சினார்கள். அதன் பிறகு புதிதாக அங்கே யாரும் படுக்கவில்லை. அந்த மாதம் சொட்டு மருந்துக்குக் குழந்தைகளைத் தூக்கி வந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர் என்றும் அவள் சொன்னாள். வீடு வீடாகப் போய் வாசலில் நிற்கிறாளாம். உள்ளே கூப்பிடுவதில்லையாம்.

குழாயடியில் பிறகு யாருக்கும் அந்தச் செருமல் கேட்கவில்லை. சுப்பராயலுவை ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பொம்பளைங்க மறுபடி சண்டை போட ஆரம்பிச்சிட்டாங்க சார், ஒரே பேஜார் என்றார்.

குழாயை மூடின மறுநாள் பால் வாங்கி வரும்போது செருப்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மண் உதிர்ந்துகொண்டிருந்தது. அடுத்த நாளும் காய்ந்திருந்தது. மழை பெய்த நாளில்கூட அது நனையவில்லை. நான் காலையில் எழுந்து ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கிறேன். தண்ணீர் வைக்கிறேன். கொதித்த பிறகு இறக்கி ஆற வைக்கிறேன்.

குழாயடியில் நான் சொன்னது இவ்வளவுதான். வேன் நின்றுகொண்டிருந்தது. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் வேண்டும் என்று கையால் காட்டினாள். நான் இறங்கி, பஸ்களுக்கு நடுவே புகுந்து, டீக்கடையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கி வந்தேன். தலையைத் தூக்கிப் பிடித்து வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். கிளாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குரல் அவள் குரலாக இல்லை. ஆனால் தெளிவாகக் கேட்டாள்.

"காய்ச்சினதாங்க?"